காலையில் கார் கீச்சிடுதா? பெல்ட்டை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்க

சாவியைத் திருப்பியதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம். உடனே “ஃபேன் பெல்ட் போயிடுச்சு, மாத்திடுங்க” என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கத்துவது பெல்ட்தான் என்றாலும், கத்த வைப்பது பல சமயம் பக்கத்தில் இருக்கும் புல்லியோ டென்ஷனரோ பேட்டரியோதான். அதைப் பார்க்காமல் புது பெல்ட் மாட்டினால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பி வரும், கொடுத்த காசும் வீண். வாசலில் நின்றபடியே பார்த்துவிடக்கூடிய சில குறிப்புகள் இதோ.

1. பானட்டைத் திறக்கும் முன் முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், பின்னலைக் கொண்டை போட்டுவிடுங்கள், கழுத்துச் செயினை உள்ளே தள்ளுங்கள். உள்ளே கை வைப்பதென்றால் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான். அப்போதும் இன்ஜின் சூடாக இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும், அதனால் வண்டி ஆறிய பிறகு பார்ப்பதே நல்லது.

2. சத்தம் இன்ஜினில் இருந்துதான் வருகிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் சத்தமும் கூடவே மாறுகிறதா? அப்படியென்றால் பெல்ட் பக்கம் தேடலாம். வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால் பிரேக்கையும் சக்கர பேரிங்கையும் பாருங்கள்.

3. எதைச் செய்யும்போது கத்துகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. ஏசி போட்டதும் கத்தினால் கம்ப்ரஸர் பக்கம், ஸ்டீயரிங்கை ஓரம்வரை ஒடிக்கும்போது கத்தினால் பவர் ஸ்டீயரிங் பம்ப் பக்கம். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அந்த பம்ப்பே கிடையாது.

4. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் கத்தி, பிறகு அடங்கிவிடுகிறதா? பேட்டரி பலவீனமாக இருந்தால் அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் படாதபாடு படும், அந்தச் சுமை தாங்காமல் பெல்ட் வழுக்கும். பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருந்தால் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து மாட்டுங்கள்.

5. வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

6. சத்தத்தின் ரகத்தையும் கவனியுங்கள். இழுத்துக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. சிட்டுக்குருவி மாதிரி ‘கிச்... கிச்...’ என்று சீராக விட்டுவிட்டுக் கேட்டால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம்.

7. துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் இருந்தால் ஒரு அருமையான சோதனை செய்யலாம். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் ஒரே ஒரு பீய்ச்சல். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி கோணலாக நிற்கிறது. தெளித்ததும் இன்னும் ஓங்கிக் கத்தினால் பெல்ட்டின் இழுப்பு போதவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. ஒரு மாற்றமும் இல்லையா? அப்போது ஏதாவது பேரிங்தான் அழுகிறது. ஆல்டர்னேட்டர் மேல் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. தேங்காய் எண்ணெய், சோப்பு, துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் தயவுசெய்து பெல்ட்டில் தடவாதீர்கள். கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும், பிறகு இன்னும் வழுக்கும், தூசியும் அப்பிக்கொள்ளும். பெல்ட்டுக்கென்றே விற்கும் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரேயும் தற்காலிகம்தான், அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் பெல்ட் வாங்க உதவும்.

9. பெல்ட்டைப் பார்ப்பதென்றால் முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தெரிகிற பகுதியைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விலகி நின்று ஒரு நொடி ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் அடுத்த பகுதி வரும். எங்கிருந்து தொடங்கினோம் என்பதற்கு அந்தக் கோடு அடையாளம்.

10. விரிசல் இல்லையே, பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இப்போது வரும் ‘ஈபிடிஎம்’ ரப்பர் பெல்ட்டுகள் அவ்வளவு சுலபமாக விரிசல் விடாது, சத்தமில்லாமல் உள்பக்கம் தேய்ந்துகொண்டே போகும். வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் அகன்று போயிருந்தாலோ, பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

11. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா? புல்லி கோணலாக இருக்கலாம், அல்லது மாட்டும்போது ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கலாம். பெல்ட் மாற்றிய அன்றே ஒவ்வொரு புல்லியிலும் வரிகள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.

12. எண்ணெய் அல்லது கூலன்ட் பட்டு ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை. ஒழுக்கை முதலில் அடைத்து, புல்லிகளைத் துடைத்த பிறகுதான் புது பெல்ட். வாட்டர் பம்ப் அருகே கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தால் மெக்கானிக்கிடம் தவறாமல் காட்டுங்கள்.

13. போல்ட் திருகி இறுக்குகிற வகை என்றால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியை விரலால் முறுக்கிப் பாருங்கள். கால் சுற்று அளவுக்குத் திரும்பினால் சரி, அதற்கு மேல் சுலபமாகத் திரும்பினால் தளர்வு. சத்தம் போகட்டும் என்று மிதமிஞ்சி இறுக்கச் சொல்லாதீர்கள், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் கெட்டு செலவு பல மடங்காகும்.

14. ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள வண்டியில் இறுக்குகிற வேலையே இல்லை. ஐட்லிங்கில் அதன் கை லேசாக அதிர்வது இயல்பு, குதித்துக் குதித்து ஆடினால் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம்.

15. மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வழவழவென்று சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். மணல் அரைகிற மாதிரி கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ அதுதான் குற்றவாளி. ஒரு ஐட்லர் புல்லியோடு முடிய வேண்டிய செலவு, முழு ஆல்டர்னேட்டர் செலவாக மாறாமல் இருக்க இந்தக் கொஞ்ச நேரம் உதவும்.

16. சத்தம் ஒர்க்‌ஷாப் வாசலில் காணாமல் போவது வழக்கம்தானே! காலையில் கத்தும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, மறுநாள் காலை அவர்களையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

17. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு கொஞ்சம் கத்தினால் பதற வேண்டாம், காய்ந்ததும் அடங்கிவிடும். காய்ந்த பிறகும் தொடர்ந்தால் வரிகளில் சேறோ பொடிக்கல்லோ சிக்கியிருக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள்.

18. பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எண்ணைப் படித்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற வேண்டாம். 6பிகே1070 என்றால் 6 வரிகள், 1070 மில்லிமீட்டர் நீளம். முன்பு யாராவது தப்பான அளவை மாட்டியிருக்கலாம், அதனால் வண்டியின் கையேட்டோடும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

19. கழற்றும் முன் பெல்ட் போகிற பாதையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பெல்ட் இன்னும் ஓரளவு நன்றாக இருந்தால் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள், ஊட்டி, கொடைக்கானல் என்று போகும்போது ஆபத்துக்கு உதவும். டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் வகையை மட்டும் திரும்ப மாட்டக் கூடாது.

20. ஓடிக்கொண்டிருக்கும்போது கீச்சொலி சட்டென்று நின்று, சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள், பெல்ட் அறுந்திருக்கலாம். ஸ்டீயரிங்கும் கனமாகலாம், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் இன்ஜின் வேகமாகச் சூடேறும். ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை உடனே நிறுத்துங்கள். “பக்கத்துல தானே வீடு” என்று ஓட்டாமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவு.