45 ரூபாய் பவுச், 160 கலோரி பூனை: வெட் ஃபுட்டுக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

இஎம்ஐ, எஸ்ஐபி, வாடகை எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு, பட்ஜெட் ஷீட்டில் யாருமே தனி வரி போடாத ஒரு செலவு: பூனைச் சாப்பாடு. 'இதர செலவு'க்குள்ள ஒளிஞ்சிருக்கும். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உதாரணத்துக்குத் திருத்தணியை எடுத்துக்குவோம். வீடு அங்கே, வேலை சென்னையில். காலையில் மின்சார ரயிலைப் பிடிச்சா வீடு திரும்ப ராத்திரி ஆகிடும். பகல் முழுக்கப் பூனை அம்மா பொறுப்பு. மலைக்கோயில் ஊர், கிருத்திகை விரதம் தவறாத வீடு, அடுப்பில் கறி, மீன் ஏறாது. அதனால கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட், நடுவில் கொஞ்சம் பால், தயிர்சாதம். பூனை 5.5 கிலோ ஆகிடுச்சு. "4 கிலோதான் இருக்கணும், கொஞ்சம் வெட் ஃபுட் சேருங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க மூணு பிராண்ட் வாங்கிட்டு வந்து வச்சா, மோந்து பார்த்துட்டு வாலைத் தூக்கிட்டுப் போயிடுது. இந்தச் சூழ்நிலையில் எதை வாங்குறது, எவ்வளவு ஒதுக்குறது?

கணக்குக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. "பசிச்சா தானா தின்னும், ரெண்டு நாள் விடு"ன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. மனுஷங்களுக்கும் நாய்க்கும் ஓரளவு ஒத்துவரும் யோசனை, குண்டுப் பூனைக்கு ஆபத்து. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே உடம்புக் கொழுப்பு கரைஞ்சு கல்லீரலில் போய்க் குவியலாம். கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போற நோய் அது. குழாய் வழியா உணவு கொடுத்து, பல நாள் ஆஸ்பத்திரியில் வச்சு காப்பாத்த வேண்டி வரும். பவுச்சில் மிச்சம் பிடிச்ச காசு அங்கே ஒரே நாளில் போயிடும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி? மொபைல் கால்குலேட்டர் போதும். பூனை இருக்க வேண்டிய எடையை (இப்போ இருக்கும் எடை இல்லை) மூணு தடவை பெருக்குங்க: 4 × 4 × 4 = 64. வர்க்கமூல பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க: 8, அப்புறம் 2.83. அதை 70-ஆல் பெருக்கினா 198. சும்மா படுத்திருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாள் தேவை இதுதான். எடை குறைய, டாக்டர்கள் வழக்கமா இதில் 80 சதவீதத்திலிருந்து ஆரம்பிப்பாங்க. அதாவது சுமார் 160 கிலோ கலோரி. இதுதான் உங்க பூனையோட தினசரி 'சம்பளம்'. பால், தயிர்சாதம், பக்கத்து வீட்டுக்காரங்க போடுற பிஸ்கட் எல்லாமே இதுக்குள்ள அடங்கணும்.

அடுத்து லேபிள். நிறைய பவுச்சில் கலோரி அச்சாகியிருக்காது, ஆனா புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரப்பதம் இருக்கும். இதெல்லாத்தையும் சாம்பலையும் கூட்டி 100-லிருந்து கழிச்சா மீதி மாவுச்சத்து. சாம்பல் அளவு போடலைன்னா வெட் ஃபுட்டுக்கு 2, ட்ரை ஃபுட்டுக்கு 8-ன்னு வச்சுக்கலாம். புரோட்டீனையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினா 100 கிராமுக்கான கலோரி வந்துடும். தோராயம்தான், ஆனா ஒப்பிட இது போதும்.

ஒரு மாதிரி பவுச் போட்டுப் பார்ப்போம்: 80 கிராம், 45 ரூபாய், புரோட்டீன் 9, கொழுப்பு 3, நார் 1, ஈரப்பதம் 84. கணக்குப்படி 100 கிராமுக்கு 60, ஒரு பவுச்சுக்கு 48 கலோரி. மாதிரி ட்ரை ஃபுட்: 1.2 கிலோ 450 ரூபாய், புரோட்டீன் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10. இது 100 கிராமுக்கு 323 கலோரி. விலையெல்லாம் நான் கணக்குக்காக வச்சது, உங்க கடை விலையைப் போட்டுக்குங்க.

இப்ப பாருங்க. 100 கலோரிக்கு ட்ரை ஃபுட்டில் சுமார் 12 ரூபாய். பவுச்சில் 94 ரூபாய். எட்டு மடங்கு! பாக்கெட் விலையை மட்டும் பார்த்தா, 450 ரூபாய் மூட்டை 'காஸ்ட்லி', 45 ரூபாய் பவுச் 'சீப்'னு தோணும். மளிகை சாமானுக்குச் சொன்ன அதே யூனிட் விலைக் கணக்குதான், இங்கே யூனிட் கிராம் இல்லை, கலோரி.

அப்போ பவுச் ஏமாத்து வேலையா? இல்லை. பவுச்சில் பெரும்பகுதி தண்ணின்னு நக்கலா சொல்வாங்க. நம்ம பூனைக்கு அந்தத் தண்ணிதான் வேணும். பூனைங்க இயல்பாவே குறைவாத்தான் தண்ணி குடிக்கும். வயிறு நிறையணும், கலோரி ஏறக்கூடாதுன்னா ஈரமான உணவு உதவும். ஆனா முழுக்க அதையே கொடுக்கணும்னு அவசியம் இல்லை. 160 கலோரிக்கு முழு பவுச்னா ஒரு நாளைக்கு 150 ரூபாய், மாசம் 4,500. முழு ட்ரைன்னா 50 கிராம், மாசம் 560. தினம் ஒரு பவுச், கூட 35 கிராம் ட்ரைன்னா நாளைக்கு 58 ரூபாய், மாசம் 1,740. என் ஓட்டு இந்த மூணாவதுக்குத்தான். ட்ரை ஃபுட்டைக் கையால அள்ளிப் போடாம சமையல் தராசில் நிறுங்க. அந்த 35 கிராம் கிண்ணத்தில் கேவலமா கொஞ்சமாத் தெரியும். அம்மா பரிதாபப்பட்டு இன்னொரு கை போட்டா கணக்கு அத்தனையும் காலி. அதனால ஒரு நாள் பங்கைக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு, "இதுக்கு மேல கிடையாது"ன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.

பவுச்களுக்குள்ள ஒப்பிடும்போது ஈரத்தை நீக்கிட்டுப் பார்க்கணும். 9 சதவீத புரோட்டீன், 84 சதவீத ஈரம் உள்ளதில் உலர்ந்த பகுதி 16. அதில் 9-ன்னா 56 சதவீதம் புரோட்டீன். 8 சதவீத புரோட்டீன், 80 சதவீத ஈரம் உள்ளதில் 40 சதவீதம்தான். மேலட்டையில் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். கூடவே 'முழுமையான, சமச்சீர் உணவு'ங்கிற அர்த்தத்தில் வாசகம் இருக்கான்னு பாருங்க. சில பவுச், க்ரீம் ட்யூப் எல்லாம் துணை உணவு மட்டும்தான், சாப்பாட்டுக்கு மாற்று இல்லை.

இனி, மூஞ்சியைத் திருப்பும் பிரச்சினை. 12 பாக்கெட் காம்போவில் 15 சதவீதம் தள்ளுபடின்னு வரும். பூனை தொடாத 12 பாக்கெட்டுக்கு அது 85 சதவீத நஷ்டம். கிரேவி, ஜெல்லி, அரைச்ச மாதிரி வர்றது, மூணு பதத்திலும் ஒவ்வொண்ணு மட்டும் வாங்குங்க. சுவையைவிடப் பதமும் வாசனையும்தான் பல பூனைக்கு முக்கியம். இனிப்பு பூனைக்குத் தெரியவே தெரியாது. அதை உணரும் மரபணு பூனையில் வேலை செய்யலைன்னு 2005-ல் கண்டுபிடிச்சாங்க. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பவுச்சை அப்படியே வைக்காம, வெந்நீரில் ஒரு நிமிஷம் வச்சு வெதுவெதுப்பாக்குங்க. பழகின ட்ரை ஃபுட்டோட ஒரு ஸ்பூன் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவா அளவைக் கூட்டுங்க. ஒரே பவுச்சை ஒரு வாரம் ஒழுங்கா தின்ன பிறகுதான் காம்போ.

400 கிராம் டின்? கிராம் கணக்கில் சீப்தான். 160 ரூபாய் டின் 100 கிராமுக்கு 40, பவுச் 56. ஆனா ஒத்தைப் பூனை, அதுவும் நேத்துத் திறந்ததைத் தொடாத பூனைன்னா மூணில் ஒரு பங்கு குப்பைக்குப் போகும். அப்போ 100 கிராமுக்கு 60 ஆகிடும். ரெண்டு பூனை இருக்கிற வீட்டுக்கு டின் சரி. திருத்தணி வெயில் உங்களுக்கே தெரியும். ஈர உணவைக் கிண்ணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க.

கறி சமைக்காத வீட்டில் "பூனையையும் சைவமாக்கிடலாமே"ன்னு பேச்சு வரும். முடியாது. டாரின்ங்கிற சத்து பூனைக்கு உணவிலிருந்தே வரணும். அது மாமிசத்தில்தான் இருக்கு. அது குறைஞ்சா இதயத் தசை பலவீனமாகுதுன்னு 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு காட்டுச்சு. பவுச்சுக்கு அடுப்பும் பாத்திரமும் தேவையில்லை. பின்பக்கத் திண்ணையில் அதுக்குன்னு ஒரு தட்டு வச்சா போதும், சமையலறைக்குள்ள நுழையாது. வெளியே அவிச்ச கோழி கிடைச்சா, உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம தினம் 10 கிராம், ஆசை காட்ட மட்டும். கோழிக்கறி வெட்டி வாங்கினா வரி இல்லை, பவுச்சுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அதுக்காகக் கோழியை மட்டுமே போட்டு வளர்க்கக் கூடாது, கால்சியம் குறைஞ்சுடும்.

எவ்வளவு மாசம்? வாரம் 1 சதவீதம், அதாவது 50 கிராம் குறைஞ்சாலே நல்ல வேகம். 1.5 கிலோவுக்கு 30 வாரம், ஏழு மாசம். மாசம் 1,740 வீதம் 12,180 ரூபாய். முழு பவுச்சில் போனா 31,500. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூனையைத் தூக்கிட்டு எடை மெஷினில் ஏறி, உங்க எடையைக் கழிச்சு எழுதி வைங்க. வாரம் 2 சதவீதத்துக்கு மேல இறங்கினா சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டணும். ஒரு மாசமா அசையவே இல்லைன்னா டாக்டர் எடைக்குறைப்பு உணவு எழுதித் தரலாம். சாதாரண உணவை ரொம்பக் குறைச்சா கலோரியோட சத்தும் குறையும்ங்கிறதுதான் காரணம். மூட்டை விலை அதிகமாத் தெரிஞ்சாலும், 100 கலோரி விலையைப் போட்டே முடிவு பண்ணுங்க.

ஒரு நாள் முழுக்க எதையுமே தொடலைன்னா மட்டும் கணக்கை ஓரம் வச்சுட்டு டாக்டரிடம் போங்க. உள்ளூரில் முடியலைன்னா, சென்ட்ரலில் இறங்கினா வேப்பேரி கிட்டதான். 1903-ல் தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதோட மருத்துவமனையும் அங்கே இருக்கு.