நுரைக்குள் வாழும் சிற்றுயிர்

இங்கிலாந்து நாட்டுப் புல்வெளிகளில் மே, ஜூன் திங்கள்களில் நடப்போர், செடித் தண்டுகளில் வெண்ணுரைத் துளிகள் ஒட்டியிருக்கக் காண்பர். குயில் கூவும் பருவத்தில் தோன்றுவதால் அந்நாட்டு மக்கள் இதனைக் 'குயில் எச்சில்' என்றனர். குயிலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவ்வாறாயின் இந்நுரை யாது? அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நுரையின் உள்ளே இருப்பது நுரைப்பூச்சியின் இளமைப் பருவம். வேரினின்று மேலேறும் நீர்ச்சாற்றை இது உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சத்து மிகக் குறைவு. ஆதலின் மிகுதியாகப் பருகி, எஞ்சிய நீரை வெளியேற்றுகிறது. அந்நீரில் தன் உடலில் சுரக்கும் பசையைக் கலந்து, வயிற்று நுனியை அசைத்துக் காற்றைப் புகுத்தி நுரை ஆக்குகிறது. இந்நுரை வெயிலினின்றும் பகையினின்றும் அதனைக் காக்கும் இல்லம். நாம் அதனை விலக்கினால் உள்ளிருக்கும் மெல்லுடல் உலர்ந்துவிடக்கூடும். ஆதலின் கண்ணால் காண்பதோடு நிற்றல் நன்று.

ஐந்து முறை தோலுரித்துச் சிறகு பெற்றதும் பூச்சி நுரையை விட்டு நீங்குகிறது. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமே உடைய இது, 70 சென்டிமீட்டர் உயரம் தாவ வல்லது. இலையுதிர் காலத்தில் உலர்ந்த தண்டுகளிலும் சருகுகளிலும் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் குளிர்காலத்தைக் கடந்து, இளவேனிலில் பொரிகின்றன. ஐரோப்பா முழுவதும் பரவியுள்ள இப்பூச்சி, வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் குடியேறியுள்ளது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட செடிவகைகள் இதற்கு உணவளிக்கின்றன.

தெற்கு இத்தாலியின் பூலியா பகுதியிலும் இது நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. கோடையில் புல் உலர்ந்ததும் ஒலிவ மரங்களுக்குச் செல்லும். அதனால் மரங்கள் அழிந்ததில்லை. 2013ஆம் ஆண்டில் அங்கு சைலெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. அது மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து வாடச் செய்வது. நோயுற்ற மரத்தின் சாற்றைப் பருகிய பூச்சி, அடுத்த மரத்திற்கும் அதனைக் கொண்டு சென்றது. பல தலைமுறைகள் போற்றி வளர்த்த மரங்கள் இலட்சக்கணக்கில் பட்டுப்போயின.

பூச்சி இந்நோயுடன் பிறப்பதில்லை. நடு அமெரிக்காவிலிருந்து மனிதர் கொணர்ந்த செடிகளின் வழியே பாக்டீரியா வந்திருக்கக்கூடும் என மரபணு ஆய்வாளர் கருதுகின்றனர். இன்று அங்குள்ள உழவர், பூச்சி சிறகு பெறுமுன் இளவேனிலில் களையை அகற்றி நிலத்தை உழுகின்றனர். நுரைக்குள் இருக்கும் உயிர்கள் மடிகின்றன. மரத்தை இழந்த உழவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், செடிகளை நாடு கடத்துமுன் நோய் உளதா எனச் சோதித்திருப்பின், மரமும் பிழைத்திருக்கும், பூச்சியும் பிழைத்திருக்கும்.

சிந்திக்க:
1. இளம்பூச்சி மிகுதியாகச் சாறு பருகுவது ஏன்?
2. ஒலிவ மரங்களின் அழிவில் பூச்சியின் பங்கு யாது? மனிதரின் பங்கு யாது?