வெட்டுகிற பாட்டும் வீண் செலவும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். ஆடி நெருங்கினால் இந்தப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பு, திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து, அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டம். எல்லாவற்றுக்கும் புதுப் பாட்டு வேண்டும். அதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏறிய காலம் போய்விட்டது. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு உள்ளறை போதும். பம்பை, உடுக்கை, குரல் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிவிடும். தொல்லை மிக்ஸிங்கில்தான். ட்ராக்குகள் இருபதைத் தாண்டி, ஒவ்வொன்றிலும் ரிவெர்பும் கம்ப்ரஸரும் ஏறியதும் டிக் டிக்கென்று சத்தம், நடுநடுவே வெட்டு. "அண்ணே, சவுண்டு வெட்டுது" என்று தெரிந்தவரைக் கேட்டால் கிடைக்கும் முதல் பதில்: "ராம் போடு."

நம்பிக்கை: ராமைக் கூட்டினால் வெட்டு நிற்கும்.

நிற்காது, பெரும்பாலும். மாதிரி ஒலிகளை நினைவகத்தில் ஏற்றி வாசிக்கும் பெரிய சாம்பிள் நூலகங்களுக்கு ராம் வேண்டும். அது போதாமல் போனால் கணினி வட்டைத் துணைக்கு இழுக்கும், அப்போது வெட்டும். ஆனால் குரலும் பம்பையும் நாதஸ்வரமுமாகப் பதிவு செய்த ட்ராக்குகளை மட்டும் கலக்கும்போது 8 ஜிபியே தாராளம். மீதி ராம் சும்மா கிடக்கும்.

வெட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சிடி தரத்தில் ஒரு நொடி ஒலி என்பது சேனல் ஒன்றுக்கு 44,100 எண்கள். கணினி அவற்றை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை, கட்டுக்கட்டாகத் தருகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 256 என்று வைத்திருந்தால் ஒரு கட்டு 5.8 மில்லி நொடிக்குத் தாங்கும். அது தீர்வதற்குள் எல்லா ட்ராக்கையும், ரிவெர்ப், கம்ப்ரஸர் போன்ற எல்லா ப்ளக்இன்னையும் கணக்குப் போட்டு அடுத்த கட்டு தயாராக நிற்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி மாதிரி. சின்ன வாளி என்றால் பரிமாறுகிறவர் அடிக்கடி சமையல்கட்டுக்கு ஓட வேண்டும். எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் வழியில் ஒரு உறவுக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டால் இலை காலி. அந்தக் காலி இலைதான் நம் காதில் டிக்.

ஆக, கணினிக்கு எவ்வளவு பலம் என்பது இரண்டாவது கேள்வி. நேரத்துக்கு வந்ததா என்பதே முதல் கேள்வி. டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம் காட்டும்போதும் பாட்டு வெட்டுவது இதனால்தான். அது காட்டுவது சராசரி. 6 மில்லி நொடிக்குள் நடந்த தாமதம் அதில் தெரியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய ப்ளக்இன்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும் என்பதால் அந்த வரிசை பொதுவாக ஒரே கோரில் ஓடும். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரும் அப்படியே. 8 கோர் உள்ள கணினியில் ஒரு கோர் மூச்சுமுட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் 13 சதவீதத்தை ஒட்டித்தான் தெரியும். மாஸ்டரில் ஐந்தாறு கனமான ப்ளக்இன்களை அடுக்கிவிட்டு "கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு, ஏன் வெட்டுது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முடிந்துபோன ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது ப்ளக்இன் கணக்கை ஒருமுறை முடித்து ஒலியாகவே வைத்துவிடுங்கள். பத்து ட்ராக்கில் பத்து ரிவெர்ப் போடுவதற்குப் பதில் ஒரே ரிவெர்புக்கு எல்லாவற்றையும் சென்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை.

நம்பிக்கை: பஃபர் குறைவாக இருந்தால் ஒலித்தரம் கூடும்.

இதை யார் கிளப்பிவிட்டார்களோ. பஃபர் ஒலித்தரத்தைத் தொடுவதே இல்லை. 64-லும் 1024-லும் வரும் ஒலி ஒன்றேதான். மாறுவது தாமதம் மட்டும். பாடுகிறவர் தன் குரலைக் கணினி வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும்போது தாமதம் உறுத்தும், அதனால் பதிவின்போது 64 அல்லது 128. மிக்ஸிங்கில் யாரும் பாடவில்லை. 1024 வைத்தால் பிளே பட்டனை அழுத்தியபின் 23 மில்லி நொடி கழித்து ஒலி வரும். யாருக்கும் தெரியாது, கணினிக்கோ 256-ஐ விட நான்கு மடங்கு அவகாசம். எந்தச் செலவுக்கும் முன்னால் மாற்றிப் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

1024-லும் வெட்டினால் கையைப் பிடித்து நிறுத்தும் அந்த உறவுக்காரரைத் தேட வேண்டும். விண்டோஸ் கணினியில் அவர் அநேகமாக ஒரு டிரைவர். வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரியைக் கவனிக்கும் நிரல் ஆகிய மூன்றும் அடிக்கடி மாட்டும். லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரத்தை இழுக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். வைஃபையை அணைத்ததுமே தீர்ந்துபோகும் வெட்டுகள் நிறைய. இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் அதற்கென்று அந்த நிறுவனமே தரும் ஆசியோ டிரைவரைப் போடாமல் விண்டோஸின் பொது டிரைவரிலேயே ஓட்டுவதும் உண்டு. ஆசியோவை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்ததே, நடுவில் நிற்கும் விண்டோஸ் அடுக்குகளைத் தாண்டி நேராக ஒலி அட்டையோடு பேசத்தான்.

நம்பிக்கை: எஸ்எஸ்டி மாற்றினால் சரியாகும்.

24 பிட் ஒற்றை ட்ராக் ஒன்றுக்கு நொடிக்கு 1,32,300 பைட். நாற்பது ட்ராக்குக்குச் சுமார் 5 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்கே இதைச் சமாளிக்கும். எஸ்எஸ்டி வாங்குங்கள், கணினி சுறுசுறுப்பாகும், வெட்டுக்காக வாங்காதீர்கள்.

பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்கு வெட்டியதே இல்லையே, அவர்கள் வைத்திருந்தது சூப்பர் கம்ப்யூட்டரா என்றும் கேட்பார்கள். இல்லை. 1991-ல் வந்த ப்ரோ டூல்ஸ் போன்ற அமைப்புகளில் ஒலிக் கணக்கைப் போட்டது தனி அட்டைகளில் இருந்த சில்லுகள். கணினியின் ப்ராசஸர் அதில் தலையிடவில்லை, அதனால் வழியில் யாரும் நிறுத்தவும் இல்லை. வீட்டில் செய்வது மட்டம் என்ற எண்ணமும் வேண்டாம். 1992-ன் 'ரோஜா' உருவான பஞ்சதன் ரெக்கார்ட் இன், ஏ.ஆர். ரகுமான் தன் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்த்து அமைத்ததுதான்.

அடுத்தது கரண்ட். வோல்டேஜ் குறைவதால் வெட்டுகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்; மின்னழுத்தம் 180-க்கு இறங்கினாலும் ஒலியில் தெரியாது. ஆனால் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் விண்டோஸ் சிக்கனம் பார்த்து ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கும், அந்த நிமிடமே வெட்டத் தொடங்கும். பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள். பேட்டரியில் மிக்ஸ் செய்யாதீர்கள். ம்ம்மென்று தொடர்ந்து கேட்கும் இரைச்சல் வேறு கதை, அது எர்த் சரியில்லாததால் வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்.

கத்திரி வெயிலில் மட்டும் வெட்டுகிறதென்றால் சூடுதான் காரணம். சிப் 95, 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெருமுக்கல் பக்கம் கல்குவாரிகள் நிறைந்த பகுதி. லாரி ஓடும் ரோட்டோர வீடுகளில் லேப்டாப் விசிறிக்குள் எவ்வளவு தூசி அடைந்திருக்கும் என்று திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புது லேப்டாப்புக்குக் காசு சேர்ப்பதற்கு முன் பழையதைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: மிக்ஸிங்கில் வெட்டினால் முடித்த பாட்டிலும் வெட்டும்.

இதற்குப் பயந்து வேலையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. எக்ஸ்போர்ட் செய்யும்போது கணினிக்கு 6 மில்லி நொடிக் கெடு கிடையாது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் கணக்கை முடித்துத்தான் ஃபைலில் எழுதும், அதனால் வெட்டு அதில் ஏறாது. விதிவிலக்கு பதிவு. பாடும்போதே வெட்டியிருந்தால் அது ஃபைலிலேயே போய் உட்கார்ந்திருக்கும், மறுபடி பாடவைப்பதுதான் வழி. எது எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். அதே இடத்தை மூன்று தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் டிக் வந்தால் கணினி தாமதிக்கிறது. துல்லியமாக ஒரே இடத்தில் வந்தால் முதலில் பதிவைப் பாருங்கள். பம்பை ஓங்கி விழும் இடங்களில் மட்டும் கரகரத்தால் லெவல் சிவப்பைத் தாண்டியிருக்கிறது. அதை எந்தப் பஃபரும் சரிசெய்யாது, எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே போய் கோயில் மைக்செட்டில் இன்னும் மோசமாகக் கேட்கும். மாஸ்டரை 3, 4 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.