உராய்வின்றி ஒரு கொப்புளம்

மாணவர்களே! திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்களின் பாதங்களில் கொப்புளங்களைக் கண்டிருப்பீர்கள். தரையின் உராய்வு மேல்தோலைப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே எலும்போ முன்னே நகர்கிறது. இடையில் தோல் பிளந்து நீர் கோத்துக்கொள்கிறது. சில நாளில் ஆறிவிடும்.

பெம்பிகஸ் என்னும் நோயில் உராய்வு இல்லாமலே வாயிலும் உடலிலும் கொப்புளங்கள் எழுந்து உடைகின்றன. ஏன்? செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் மேல்தோல் செல்களை டெஸ்மோசோம்கள் பிணைக்கின்றன. கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் இந்தப் பிணைப்புகளையே தாக்குகின்றன. நோயாளிகளின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்களை 1964இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் கண்டறிந்தனர்.

ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன் நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்தனர். வந்த பின்னரோ, நாள்தோறும் அதிக அளவில் உண்ட மருந்தே கேடு விளைவித்தது.

டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தோல் மருத்துவர் ஜே. எஸ். பஸ்ரிச்சா வேறு வழி தேடினார். டெக்சாமெதசோன் மருந்தை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் 3 நாள் சிரை வழியே செலுத்தினார். அவற்றில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்தார். 28 நாளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தார். 1984இல் முடிவுகளை வெளியிட்டார். மருந்தை நிறுத்திய பின்னும் பலர் நோயின்றி வாழ்ந்தனர். இன்று ரிட்டுக்சிமாப் போன்ற புதிய மருந்துகளும் உண்டு.

ஒன்றை மறவாதீர்கள்: இது தொற்றுநோய் அன்று. இப்படிப்பட்டவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லாமல், தோல் மருத்துவரிடம் விரைந்து அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.