கூதிரும் முன்பனியும்: காலமறிந்து நடத்தல்



நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வைத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மேலைநாட்டார் இலையுதிர்காலத்தின் கடைப்பகுதி என்று கூறுவது ஏறக்குறைய நம் கூதிரேயாகும். பனிக்காலம் வருமுன் ஆகவேண்டிய வேலைகளை முடித்துக்கொள்ளும் பருவம் அது.

மலேசியாவில் முன்பனி ஏது என்று சிலர் கேட்கக்கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பனியும் இல்லை, இலையுதிர்வும் இல்லை. ஆயினும் கூதிர் உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில், பருவக்காற்று மாறும் வேளையில், காலையில் வெயில் காய்ந்து, நண்பகலுக்குப் பின் மேகம் திரண்டு, மாலையில் இடியுடன் மழை கொட்டுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். தீபாவளிக்கு வாங்கிய பட்டாசு நனைவதும், கார்த்திகை அகல் வாசற்படியில் நில்லாமல் அணைவதும் நமக்குப் பழகிப்போனவை. (கோலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.)

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் இப்பருவத்தை நன்கு அறிந்திருந்தனர். விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, இருட்டிலேயே மரம் வெட்டத் தொடங்குவார்கள். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தாலோ, மங்கிலுள்ள பால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே காலைப்பொழுதின் ஒவ்வொரு நாழிகையும் அவர்களுக்குச் சோறாக இருந்தது. இன்று நாம் கட்டடங்களுக்குள் வேலை செய்கின்றோம். மழை நம் கூலியைத் தொடுவதில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் அன்பரைக் கேட்டால், அது எதைத் தொடுகிறது என்று கூறுவார். ஐப்பசி, கார்த்திகையிலாவது பிள்ளைகளின் சமய வகுப்புகளையும் குடும்பத்தின் வெளிவேலைகளையும் காலைக்கு மாற்றிக்கொள்வது நலம் என்பது அடியேனின் கருத்து. மழை பெய்யும் மாலையை வீட்டிலேயே விட்டுவிடலாம். சுடச்சுட வடையும் தேநீரும் வைத்துக்கொண்டு, பாட்டி தாத்தாவிடம் பிள்ளைகள் கதை கேட்பதற்கு இதைவிட நல்ல பொழுது கிடைக்காது.

மழையை இரசிப்பதோடு அதற்கு அஞ்சவும் வேண்டும். 2021 டிசம்பர் 18, மார்கழி பிறந்து மூன்றே நாட்கள். முதல்நாள் தொடங்கிய மழை ஓயவே இல்லை. கிள்ளானும் ஷா ஆலாமும் நீரில் மிதந்தன. தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தனர். உயிர்களும் போயின. பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்து, தாலிக்கொடி ஆகியவற்றை ஒரே பையில் எடுக்கத்தக்கதாக வைத்திருத்தல் கார்த்திகையிலேயே முடிக்கவேண்டிய காரியம். தண்ணீர் படியேறியபின் தேட நேரமிராது. தாழ்வான பகுதியில் தனித்து வாழும் முதியவர் உறவில் இருந்தால், அவருடைய பையையும் நாமே கட்டிக் கொடுப்போமாக.

இனி மார்கழி. இங்கு பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் எழுவது கடிகாரப்படி மிகவும் பிந்தி. அதுவும் நிலையாக இல்லை. நவம்பர்த் தொடக்கத்தில் காலை 6.57 அளவில் உதிப்பவன், மார்கழி முதல் நாளில் 7.10க்கும், தை பிறக்கும்போது 7.23க்கும் உதிக்கின்றான். பகலின் நீளம் நமக்கு ஆண்டு முழுவதும் இருபது நிமிட அளவே மாறுபடும். மாறுவது உதிக்கும் நேரமே. மார்கழி நடுவில் சென்னையில் உதயம் 6.30 அளவில். பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன் தொடங்குவது. சென்னையில் அது ஐந்து மணிக்குச் சற்று முன், நமக்கோ 5.40.

ஆகவே தமிழகத்து வானொலியையோ காணொளியையோ பார்த்து நான்கு மணிக்கு எழவேண்டுமே என்று மலைத்து, திருவெம்பாவையையும் திருப்பாவையையும் விட்டுவிடும் இல்லத்தரசிகள் கலங்கவேண்டாம். ஐந்தேகாலுக்கு எழுந்து நீராடினாலே பொழுது கைக்குள் இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்போர் ஆலயம் சென்று வணங்கி, அலுவலகத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேரலாம். முந்திய இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துவதே இதில் கடினமான பகுதி!

காவடி எடுக்கும் அன்பர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 48 நாள் விரதம் என்று கொண்டால், அது மார்கழியில் தொடங்கும் என்று எல்லா ஆண்டும் எண்ணிவிடலாகாது. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி முதல் நாள் வந்தது. பின்னோக்கி எண்ணினால் மிகச் சரியாக மார்கழி முதல் நாள். 2024இலோ சனவரி 25ஆம் நாளே பூசம். விரதம் டிசம்பர் 9ஆம் நாள், கார்த்திகையிலேயே தொடங்கவேண்டியிருந்தது. புதிய நாட்காட்டி கைக்கு வந்ததும் பூச நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தொடக்க நாளைச் சிவப்பு மையால் குறித்து, விடுப்பு விண்ணப்பத்தையும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.