பிளக் சூடாகிறதா?

பள்ளிவாசல் மின் நிலையம் 1940-இல் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் அது. முதிரப்புழை ஆற்றுத் தண்ணீர் அங்கே மின்சாரம் ஆகிறது.

மின்சாரம் நமக்கு உதவும். அளவு மீறினால் தீயும் வைக்கும். லயத்தில் வீடுகள் ஒட்டி இருக்கின்றன. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்கும் தாவும்.

சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ 6-ஆல் பெருக்குங்கள். 1380 வரும். சிறிய பாயிண்ட் 1380 வாட் வரைதான் தாங்கும்.

குளிருக்கு வெந்நீர் வைக்கிறோம். ஹீட்டர் கம்பியில் 1500 வாட் என்று இருக்கிறது. அதைச் சிறிய பாயிண்டில் செருகலாமா? கூடாது. பெரிய பாயிண்டில்தான் செருக வேண்டும். அதற்குத் தடித்த ஒயரும் வேண்டும்.

பிளக் ஆடினாலும் சூடாகும். கருகிய வாடை வருகிறதா? பாயிண்ட் பழுப்பாகிவிட்டதா? பிளக்கைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். ஒயர்மேனை அழையுங்கள். அவர் சரிசெய்யும் வரை அந்தப் பாயிண்ட் வேண்டாம்.

கணக்குப் போடுவோம்:
இஸ்திரிப் பெட்டி 1000 வாட். மிக்சி 500 வாட். இரண்டையும் ஒரே சிறிய பாயிண்டில் ஓட்டலாமா?

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? நீங்களே படித்துப் பாருங்கள்.