வாசலில் கூட்டாக நடும் கொய்யா: செலவு யாருக்கு, பழம் யாருக்கு?

எஸ்ஐபி, பிஎஃப், டேர்ம் இன்ஷூரன்ஸ் என்று பேசும் இடத்தில் இன்னைக்கு ஒரு கொய்யாச் செடியைப் பற்றிப் பேசலாம். சிரிக்காதீங்க. இதிலும் முதலீடு இருக்கு, காலக்கெடு இருக்கு, ரிஸ்க் இருக்கு, சட்டமும் இருக்கு.

திருவண்ணாமலையில் ஒரு தெருவை நினைச்சுக்கோங்க. ஆறு வீடு, அதில் நாலு வாடகை வீடு. எல்லா வீட்டு முன்னாடியும் காம்பவுண்டுக்குள் கொஞ்சம் மண் தரை. "ஆளுக்கொரு பழச்செடி வைப்போம், காய்ச்சதும் எல்லாரும் பகிர்ந்துக்கலாம்" என்று ஒரு பேச்சு வருது. நல்ல யோசனைதான். ஆனால் மூணு வருஷம் கழித்து வேலை மாறி நீங்க சென்னைக்குப் போனால் அந்தச் செடி யாருடையது? குழி தோண்டும் முன்பே இதைப் பேசிடணும்.

1. நடுவது சின்ன செலவு, காப்பதுதான் பெரிய செலவு

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டுக்கு 500 ரூபாய், ஆறு வீட்டுக்கு 3,000. இதில் செடிகளுக்கு 600. மண், தொழுஉரம், வேலி 1,400. மீதி 1,000 ரூபாயைத் தொடாமல் வையுங்க. கோடையில் தண்ணீர், செத்த செடிக்கு மாற்றுச் செடி, எல்லாம் அதிலிருந்துதான்.

இதுக்கு நம்ம ஊர் மலையே சாட்சி. மொட்டையாகக் கிடந்த அருணாசல மலையில் 2000களின் தொடக்கத்திலிருந்து 'த ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகள் உள்ளூர் மர வகைகளை நட்டு வளர்க்கின்றன. நட்டதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் காட்டுத்தீ பரவாமல் தடுப்புக்கோடு வெட்டணும், தீ பிடித்தால் ஓடிப்போய் அணைக்கணும். நடுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பு வருஷா வருஷம்.

2. உங்கள் காலக்கெடுவுக்கு ஏற்ற செடி

அவசர நிதியை ஷேரில் போடாதீங்க என்று சொல்வோம் இல்லையா, அதே விதிதான்.

- ஒரு வருஷம்தான் இருப்பீங்களா? பப்பாளி. எட்டு, பத்து மாதத்தில் பழம் வரும்.
- ரெண்டு, மூணு வருஷமா? பதியம் போட்ட கொய்யா.
- சொந்த வீடா? எலுமிச்சை, சீதாப்பழம், களாக்காய்.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடிக்கும். தீபத்துக்கு உறவுக்காரங்க வரும்போது செடி நிமிர்ந்து நிற்கும்.

தமிழக அரசு 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சை சேர்ந்த பழச்செடித் தொகுப்பு உண்டு. கைக்காசைப் போடும் முன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்க.

3. ரிஸ்க்: குரங்கு

மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறு வீட்டிலும் கொய்யாவே வைத்தால் ஒரே காலையில் மொத்தமும் காலி. அதனால் ரெண்டு கொய்யா, ரெண்டு எலுமிச்சை, ஒரு பப்பாளி, ஒரு களாக்காய் என்று பிரிங்க. களாக்காய் முள் உள்ள புதர், வேலியாகவும் நிற்கும். போர்ட்ஃபோலியோவைப் பிரித்து வைப்பது என்பது இதுதான்.

செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சுவர் பக்கத்தில் வைக்காதீங்க. வேர் போய் விரிசல் விட்டால் அது உங்கள் அட்வான்ஸில்தான் கழியும்.

4. செடி யாருடையது?

சொத்து மாற்றுச் சட்டம், 1882 இதைப் பேசுகிறது. மண்ணில் வேரூன்றிய மரம், புதர் எல்லாம் 'நிலத்தோடு இணைந்தவை' என்கிறது பிரிவு 3. வாடகைக்கு இருப்பவர் தான் இணைத்ததை, வீடு தன் வசம் இருக்கும் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் விட்டுப்போக வேண்டும் என்கிறது பிரிவு 108. வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தம் சொல்வதுதான் நிற்கும்.

சட்டத்தில் உரிமை இருந்தாலும், மூணு வருஷக் கொய்யாவைப் பிடுங்கி லாரியில் ஏற்ற முடியாது. அதனால் போட்ட 500 ரூபாயைத் திரும்ப வராத பணம் என்று நினைத்தே போடுங்க. நடும் முன் ஹவுஸ் ஓனரிடம் வாட்ஸ்அப்பிலாவது சம்மதம் வாங்குங்க. காம்பவுண்டுக்கு வெளியே இருப்பது உங்கள் இடமும் இல்லை, ஓனர் இடமும் இல்லை. 2024 முதல் திருவண்ணாமலை மாநகராட்சி. அங்கே நட அவர்களிடம்தான் அனுமதி கேட்கணும்.

5. பழம் விற்றால் வரி?

வீட்டில் சாப்பிடுவதற்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்கும் ரிட்டர்னில் காட்ட ஒன்றுமில்லை. நட்டு வளர்த்த பழத்தை விற்று வருவது விவசாய வருமானம், அதற்கு வரிவிலக்கு உண்டு. வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரை ஐடிஆர்-1லேயே காட்டலாம். அதற்கு மேல் போனால் அந்தப் படிவம் பொருந்தாது. சம்பளத்துக்கான வரியைக் கணக்கிடும்போதும் அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

6. ஒரு பக்க ஒப்பந்தம்

ஆறு பேரும் உட்கார்ந்து நாலு வரி எழுதுங்க:

1. எந்தக் கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது?
2. பழத்தை எப்படிப் பிரிப்பது? (வீட்டு எண் வரிசையில் வாரம் ஒரு வீடு என்பது சுலபம்.)
3. ஒருவர் காலி செய்தால் அவர் பங்கு புதிதாக வருபவருக்கா, மற்ற ஐந்து பேருக்கா?
4. 1,000 ரூபாய் யார் கையில், கணக்கு எப்போது?

உண்மையைச் சொல்லிடறேன். வருஷம் 20 கிலோ கொய்யா, கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 1,200. வீட்டுக்கு 200 ரூபாய். இதை நம்பி எஸ்ஐபியை நிறுத்திடாதீங்க! ஆனால் 200 ரூபாய் பழத்துக்காகப் பேச்சு நின்றுபோன பக்கத்து வீடுகள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் முதலில் கதவைத் திறப்பது அந்தப் பக்கத்து வீடுதான். அந்த நாலு வரியை எழுதச் சொல்வது அதைக் காப்பாற்றத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் பேப்பரை எடுங்க. மண்வெட்டி அப்புறம்.